பகைவரை நேசித்தல்: ஓர் ஏவல்வினையின் இலக்கணம்



சமய நூல்களின் தமிழைப் பற்றிப் பேச வேண்டுமென்று மன்றத்தார் எம்மைக் கேட்டுக்கொண்டபோது, பரந்த அத்தலைப்பை ஒரே ஒரு வாக்கியத்துக்குள் சுருக்கிக்கொள்ள இசைவு பெற்றோம். மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், மலைப்பொழிவு எனப்படும் பகுதியில், பகைவரை நேசிக்கும்படி இயேசு தம் சீடர்க்குக் கூறும் வாக்கியம் அது. சமயம் பரப்புவதற்காக யாம் இம்மேடை ஏறவில்லை. அவையில் பல சமயத்தாரும் எச்சமயமும் சாராதாரும் இருக்கிறீர்கள். எம் தொழில் சொல்லாய்வு. ஆயினும் இவ்வாக்கியம் எமக்கு வெறும் ஆய்வுப்பொருள் அன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் யாம். எம் தந்தையார் 1943ஆம் ஆண்டில் தம் தம்பியோடு சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். போர் முடிந்தபின் அவர் திரும்பினார், தம்பி திரும்பவில்லை. எம் அன்னையார் தவறாமல் தேவாலயம் செல்பவர். தந்தையாரும் உடன்செல்வார். ஆனால் மலைப்பொழிவின் அப்பகுதி வாசிக்கப்படும் ஞாயிறுகளில் மட்டும் அவர் எழுந்து வெளியே போய், வாசலிலிருந்த மரத்தடியில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு நிற்பார். வாசிப்பு முடிந்ததும் உள்ளே வந்து அமர்வார். எவரும் அவரை ஏதும் கேட்டதில்லை. அன்று சிறுவராயிருந்த எமக்கு அது சுருட்டு ஆசையாகவே தோன்றியது.

வாக்கியத்துக்கு வருவோம். உரோமப் பேரரசின் ஆட்சி நிழலில் இருந்த மக்களிடம் அது பேசப்பட்டது. அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னதாக ஒரு கிரேக்க வினைச்சொல் வருகிறது: 'அங்கரேவோ'. பாரசீகப் பேரரசின் அஞ்சல் முறையிலிருந்து கிரேக்கத்துக்கு வந்த சொல் இது. அரச தூதர் வழியிலுள்ள ஆளையும் விலங்கையும் கட்டாயமாகப் பணிக்கு இழுத்துக்கொள்ளலாம் என்னும் உரிமையை அது குறித்தது. உரோமர் காலத்தில் படைவீரன் வழிப்போக்கனைப் பிடித்துச் சுமை தூக்கச் செய்வதற்கும் இச்சொல்லே வழங்கியது. இயேசுவின் சிலுவையைச் சுமக்கும்படி சிரேனே ஊர்ச் சீமோன் பிடிக்கப்பட்டதைச் சொல்லும்போதும் மத்தேயு இதே வினையையே ஆள்கிறார். நம் வழக்கில் சொன்னால், கட்டாய வேலைக்கு ஆள் பிடித்தல். ஒரு மைல் இழுப்பவனோடு இரண்டு மைல் போகும்படி கூறிய அதே மூச்சில்தான் பகைவரை நேசிக்கும்படியும் கூறப்படுகிறது.

ஆகவே இவ்வாக்கியத்தின் முதற்கேட்போர், பகைவர் என்றதும் அண்டைவீட்டாரோடு வேலித் தகராறு செய்தவரை மட்டும் நினைத்திருக்க முடியாது. இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கிரேக்கத்தில் பகைவரைக் குறிக்க இரு சொற்கள் உள்ளன. 'எக்த்ரோஸ்' என்பது தனிப்பட்ட பகைவர். 'பொலெமியோஸ்' என்பது போரில் எதிர்நிற்கும் பகைவர். செவ்வியல் கிரேக்கத்தில் இவ்வேறுபாடு பெரிதும் பேணப்பட்டது. நற்செய்தியில் இருப்பது முன்னது. இதனைப் பிடித்துக்கொண்டு, கார்ல் ஷ்மிட் என்னும் ஜெர்மானியச் சட்ட அறிஞர், அரசியற் பகைவருக்கும் இக்கட்டளைக்கும் தொடர்பில்லை என வாதிட்டார். அரசியல் என்பதன் இலக்கணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1932இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் நாட்சிக் கட்சியில் சேர்ந்தார்.

சொல்லாய்வு என்ற வகையில் அவ்வாதம் நிற்காது. எபிரேய மறையின் பழைய கிரேக்கப் பெயர்ப்பில், பகைவர்மேல் படையெடுத்துச் செல்வதைப் பற்றிய உபாகமம் இருபதாம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே 'எக்த்ரோஸ்' என்பதுதான் உள்ளது. தேரும் குதிரையும் கொண்டுவரும் பகைவர் அவர்கள். நற்செய்தியாளர்களின் கிரேக்கம் இப்பெயர்ப்பில் ஊறிய கிரேக்கம். ஏதென்சு நகரத்து வரலாற்றாசிரியர்களின் கிரேக்கம் அன்று. அகராதியில் இரு சொற்களுக்கு இரு பொருள் எழுதியிருப்பதைக் கண்டவுடன், எல்லாக் காலத்தும் எல்லா நூலிலும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுவது மொழி மாணவர் தவிர்க்க வேண்டிய பிழை. அப்பிழை ஷ்மிட்டுக்கு வசதியாக இருந்தது. எம் தந்தையாரும் ஒருவகையில் அவ்வசதியை நாடியிருக்கலாம், எவரேனும் அவருக்குக் கிரேக்கம் சொல்லிக் கொடுத்திருந்தால். அவர் அதை அறியாமல், வாக்கியத்தை அதன் முழுக் கனத்தோடும் ஏற்றுக்கொண்டுதான் மரத்தடிக்குச் சென்றார்.

'அகபாவோ' என்னும் வினையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கிரேக்கத்தில் அன்புக்குப் பல சொற்கள் உள என்றும், அவற்றுள் இது தெய்விக அன்பை மட்டும் குறிக்கும் என்றும் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அழகான கருத்து, உண்மைதான் துணைநிற்கவில்லை. தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கை தாமார்மீது கொண்ட கேடுகெட்ட வேட்கையைச் சொல்லவும் பழைய கிரேக்கப் பெயர்ப்பு இவ்வினையையே வழங்குகிறது. மனிதர் ஒளியைவிட இருளை விரும்பியதைச் சொல்லும் யோவானும் இதையே எழுதுகிறார். சொல் தனியே தூய்மையானதன்று. வாக்கியத்தில் அது எதனோடு சேர்கிறது என்பதே பொருளைத் தருகிறது. இங்கு அது சேர்ந்திருப்பது பகைவரோடு.

இனித் தமிழுக்கு வருவோம். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த வேதாகமப் பெயர்ப்பில், பகைவர் 'சத்துரு' ஆகவும், அன்பு 'சிநேகி' என்னும் வினையாகவும் வருகின்றன. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொதுமொழிபெயர்ப்பில் 'பகைவர்', 'அன்பு கூர்' என்பன வருகின்றன. வடசொல் போய்த் தமிழ்ச்சொல் வந்தது என்று மகிழ்ந்து இதனை விட்டுவிடுவோர் உண்டு. யாமும் இளமையில் அப்படித்தான் மகிழ்ந்தோம். இப்போது பார்க்கையில், மாறியது சொல் மட்டுமன்று, வேற்றுமையும் மாறியிருக்கிறது. பழைய பெயர்ப்பில் 'சத்துருக்களை' என இரண்டாம் வேற்றுமை, ஐ உருபு. சிநேகித்தல் செயப்படுபொருளை நேரே சென்று தொடுகிறது. புதிய பெயர்ப்பில் 'பகைவரிடமும்' என இடப்பொருள் உருபு. அதன்மேல் ஓர் உம்மை.

அவ்வும்மையில் சிறிது நிற்போம். தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறும். இங்கு அது எச்சமாயின், நண்பரிடம் அன்பு கூர்வதோடு பகைவரிடத்தும் கூர்க என்று பொருள்படும். சிறப்பாயின், அதிலும் இழிவுசிறப்பாயின், பகைவராகிய அவரிடத்துங்கூட என்று பொருள்படும். தமிழ்க் காதுக்கு இரண்டாவதே முதலில் கேட்கிறது. கிரேக்க மூலத்தில் இந்த உம்மைக்கு நிகரான இடைச்சொல் இல்லை. பெயர்த்தவர்கள் பிழை செய்தார்கள் என்று யாம் சொல்லவில்லை. தமிழின் இயல்பான ஓட்டம் அதனைக் கேட்கிறது. வள்ளுவரும் சான்றாண்மை அதிகாரத்தில் இன்னா செய்தாரைப் பற்றிக் கூறுகையில் உம்மை கொடுத்தே கூறுகிறார். ஆனால் உம்மை வந்தவுடன் சொல்பவரின் பெருந்தன்மையும் கூடவே வந்து நிற்கிறது. பாருங்கள், பகைவரிடமும் அன்பு காட்டுகிறோம் என்று நம்மை நாமே பார்த்து வியக்கும் ஓர் இடம் உண்டாகிவிடுகிறது. பழைய பெயர்ப்பின் வடமொழி வாடை எமக்கு உவப்பானதன்று. ஆயினும் அந்த ஐ உருபின் வறட்டு நேர்மையை யாம் மதிக்கிறோம். நண்பரை நேசி, மனைவியை நேசி என்பது போலவே பகைவரை நேசி.

'சிநேகம்' என்னும் சொல்லின் முதற்பொருள்களில் ஒன்று எண்ணெய், பசை. நம் பழந்தமிழ் நூல்களில் பயிலும் 'நேயம்' அதன் திரிபே. அதற்கும் எண்ணெய், நெய் என்ற பொருள்கள் உண்டு. மறுபுறம், 'பகை' என்பதனைப் பகுத்தல் என்னும் வினையடியோடு சேர்த்துக் காட்டுவது வேர்ச்சொல் ஆய்வாளர் வழக்கம். பகுக்கப்பட்டது பகை, ஒட்டுவது நேயம். வேர்ப்பொருளைக் கொண்டு வாழ்வுக்கு விதி வகுப்பது எம் வழக்கமன்று. ஆனால் பகுக்கப்படுவதற்கு முதலில் ஒன்றாய் இருந்திருக்க வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் நிகண்டுகளும் இதையே வேறு வழியில் சொல்கின்றன. பகைவருக்குரிய பெயர்களாக அவை அடுக்குவனவற்றைப் பாருங்கள்: ஒன்னார், சேரார், கூடார், நண்ணார், பொருந்தார், மேவார். எல்லாம் எதிர்மறை வடிவங்கள். பகைவரைக் கொடியவர் என்று தமிழ் அழைக்கவில்லை. சேராதவர் என்று அழைக்கிறது. 'கேளார்' என்றும் ஒரு பெயர் உண்டு. கேள் என்பது உறவு. உறவல்லாதவர் என்பது பொருள். சொன்னதைக் கேளாதவர் என்று மாணவர்கள் எழுதினாலும் யாம் அரை மதிப்பெண் கொடுத்ததுண்டு.

இங்கிருந்து ஒரு கடினமான வினா எழுகிறது. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அன்பையும் அருளையும் பிரித்துக் காட்டுகிறார். தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள். இல்லறத்தில் அன்பு, துறவறத்தில் அருள் என்று அதிகாரங்களும் அவ்வாறே அமைந்துள்ளன. இப்பகுப்பின்படி பார்த்தால், பகைவர்மேல் செல்ல வேண்டியது அருளன்றோ? பெயர்ப்பாளர்கள் ஏன் அன்பு என்றனர்? ஒரு விடை எளிது. அருள் என்னும் சொல் கிறித்தவத் தமிழில் கடவுளின் கொடைக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அவ்விடை போதாது என்பது எம் கருத்து.

அருள் மேலிருந்து பொழிவது. அருளுபவருக்கும் அருளப்படுபவருக்கும் இடையில் ஏற்கெனவே எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் பகைவர் நமக்கு முன்பின் அறியாதவர் அல்லர். அவர் முகம் நமக்குத் தெரியும், குரல் தெரியும், அவர் செய்தது நம் உடலில் எழுதப்பட்டிருக்கும். தந்தையார் உறக்கத்தில் சில இரவுகளில் 'இச்சி, நி, சான், ஷி' என்று எண்ணுவார் என அன்னையார் பின்னாளில் எமக்குக் கூறினார். முகாமில் காலையும் மாலையும் வரிசையில் நின்று ஜப்பானிய மொழியில் எண்ணிக்கை சொல்ல வேண்டும், தவறினால் அடி. முப்பது ஆண்டுகள் கழித்தும் எம் இல்லத்தில் நள்ளிரவில் ஒலித்த அம்மொழியைவிட நெருக்கமான தொடர்பு எது? பகையும் ஒரு தொடர்பே; தொடர்புகளுள் மிக இறுகியது. ஆகவே தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு என்ற பரிமேலழகரின் வரையறையை மீறாமலேயே, பகைவரிடத்து வேண்டுவது அன்பு என்று சொல்லலாம். எங்கோ உள்ள மனித குலத்தின்மேல் அருள் கொள்வது எளிது. அறிந்த ஒருவனிடம் அன்பு கொள்வதே அரிது. கட்டளை அரியதைக் கேட்கிறது.

கேட்கிறது என்றோம். கேட்க முடியுமா? பல்கலைக்கழகத்தில் யாம் பணியாற்றிய காலத்தில், வினையியல் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அன்பை ஏவல் வினையில் சொல்ல முடியுமா? உள்ளத்தில் இல்லாததை வா என்றால் வருமா?" என்று கேட்டார். அன்று யாம் சொன்ன விடை அரைகுறையானது. இன்று சற்றுச் செம்மையாகச் சொல்ல முயல்கிறோம்.

தமிழ் உணர்ச்சிகளை இருவகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. எனக்குப் பிடிக்கிறது, எனக்குக் கோபம் வருகிறது, எனக்கு அச்சமாக இருக்கிறது. இவற்றில் உணர்பவர் எழுவாயாக நிற்பதில்லை. நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். உணர்ச்சி அவரிடம் வருகிறது. அவர் அதனைச் செய்வதில்லை. இத்தகைய வினைகளுக்கு ஏவல் வடிவம் இல்லை. இதனை நீ உண் எனலாம்; இது உனக்குப் பிடி என்று எவரும் ஏவ முடியாது. முயன்று பாருங்கள், வாக்கியம் உடைந்துவிடும். மறுபுறம், நான் நேசிக்கிறேன், நான் அன்பு செய்கிறேன், அன்பு செலுத்துகிறேன், அன்பு காட்டுகிறேன், அன்பு வைக்கிறேன், அன்பு பாராட்டுகிறேன். அன்பு என்னும் சொல்லோடு இயல்பாகச் சேரும் துணைவினைகளைப் பாருங்கள்: செய், செலுத்து, காட்டு, வை. அனைத்தும் கையால் செய்வன. இவற்றுக்கு ஏவல் உண்டு. (பாராட்டு என்பது பகைமையோடும் சேரும், பகைமை பாராட்டுதல் என்கிறோம். பகையும் நாம் செய்வதே என்பதைத் தமிழ் மறைக்கவில்லை.)

அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங் இதனைத் தம் மொழியில் கண்டார். 1957 நவம்பரில் மாண்ட்கமரி நகரத் தேவாலயத்தில் இவ்வசனத்தின்மேல் அவர் ஆற்றிய பேருரை புகழ்பெற்றது. அதற்கு இரண்டு ஆண்டுகள் நிறைவதற்கு முன்புதான் அவர் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டிருந்தது. பகைவரைப் பிடிக்க வேண்டும் என்று இயேசு சொல்லவில்லை, நேசிக்க வேண்டும் என்றே சொன்னார் என்பதை அவர் ஒரு விடுதலையாகவே எடுத்துக் கூறினார். வீட்டுக்குக் குண்டு வைப்பவரை எப்படிப் பிடிக்கும்? ஆங்கிலத்தில் இவ்விரு வினைகளும் ஒரே அமைப்பில் வருவதால் அவர் விளக்க வேண்டியிருந்தது. தமிழிலோ இவ்வேறுபாட்டை வேற்றுமை உருபே காட்டிவிடுகிறது. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை, நான் அவனை நேசிக்கிறேன் என்னும் இரு வாக்கியங்களும் முரணின்றி ஒரே வாயில் வரலாம்.

கிரேக்க ஏவலின் இன்னொரு நுட்பமும் துணைநிற்கிறது. அம்மொழியில் ஒருமுறை செய்து முடிப்பதற்கு ஒரு வடிவமும், தொடர்ந்து செய்துவருவதற்கு ஒரு வடிவமும் உண்டு. இங்கு இருப்பது இரண்டாவது. லூக்கா நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இதனோடு இன்னும் மூன்று ஏவல்கள் வருகின்றன: நன்மை செய்தல், ஆசி கூறுதல், வேண்டுதல். நான்கும் தொடர்வினைகள், நான்கும் செய்யக்கூடியவை. உணர்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நிபந்தனையற்ற அன்பு என்ற தொடர் இன்று எங்கும் வழங்குகிறது. நற்செய்தியில் அப்படியொரு தொடர் இல்லை. அதற்குப் பதிலாக வெயிலும் மழையும் இருக்கின்றன. கதிரவன் தீயோர் நல்லோர் இருபாலார்மேலும் உதிப்பதும், மழை இருபாலார்க்கும் பெய்வதும் அங்கே சான்றாகக் காட்டப்படுகின்றன. நம் ஔவையாரின் மூதுரையிலும் எல்லார்க்கும் மழை பெய்கிறது. ஆனால் நல்லார் ஒருவர் இருப்பதன் பொருட்டு. அங்கே மழைக்கு ஒரு காரணம் உண்டு. மற்றவர்கள் அவருடைய நன்மையில் நனைகிறார்கள். இங்கே காரணம் சொல்லப்படவில்லை. எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல யாம் விரும்பவில்லை. இலக்கணம் மட்டும் சொல்கிறோம். மூதுரையில் 'பொருட்டு' உண்டு, மத்தேயுவில் இல்லை. அவர் திருந்தினால், மன்னிப்புக் கேட்டால் என்ற ஆல் ஈற்றுத் தொடரும் பகைவர் பற்றிய கட்டளையில் இல்லை. வள்ளுவர் இன்னாசெய்யாமை அதிகாரத்தில், தீமை செய்தவர் நாணும்படி அவருக்கு நன்மை செய்துவிடச் சொல்கிறார். அங்கே ஒரு பயன் எதிர்பார்க்கப்படுகிறது. பவுல் உரோமருக்கு எழுதிய மடலிலும், பசித்த பகைவருக்கு உணவு தருவது அவர் தலைமேல் நெருப்புத்தணலைக் குவிப்பதாகும் என்ற பழைய நீதிமொழி எடுத்தாளப்படுகிறது. ஆக, கிறித்தவ மரபுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. மலைப்பொழிவின் குரல் அவற்றுள் மிகத் தனித்தது.

ஆனால் மன்னித்தல் வேறு. லூக்கா பதினேழாம் அதிகாரத்தில், தவறிழைத்த சகோதரர் மனம் வருந்தினால் மன்னிக்கும்படி கூறப்படுகிறது. அங்கே ஆல் ஈறு வெளிப்படையாகவே இருக்கிறது. நிபந்தனை சொல்லாமல் மன்னிக்கச் சொல்லும் இடங்களும் நற்செய்திகளில் உண்டு. ஆயினும் நேசித்தலும் மன்னித்தலும் ஒரே வினை அல்ல என்பது தெளிவு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, பாதிக்கப்பட்டவரிடம் போய் மறந்துவிடு, மன்னித்துவிடு என்று அவசரப்படுத்துவோரை யாம் நிறையக் கண்டிருக்கிறோம். அடித்தவர் ஒரு சொல்லும் சொல்லாதிருக்க, அடிபட்டவருக்கே பாடம் நடத்துகிறார்கள். அதற்கு இவ்வாக்கியத்தில் இடமில்லை.

சயாம் பாதை 415 கிலோமீட்டர். அதன் இருமுனைத் தண்டவாளங்களும் 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டன. அதே அக்டோபரில் இந்நகரில் நடந்த ஒன்றை இங்கு நினைக்கிறோம். அதற்கு முந்திய மாத இறுதியில் நேசப்படையினர் சிலர் இரகசியமாக வந்து இத்துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்துச் சென்றிருந்தனர். சாங்கியில் அடைபட்டிருந்தவர்களே அதற்கு உளவு சொன்னார்கள் என்று கெம்பெய்த்தாய் எனும் ஜப்பானிய இராணுவக் காவல்படை தவறாக ஐயுற்று, அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்துச் சென்று வதைத்தது. அவர்களுள் 15 பேர் மாண்டனர். பிடிபட்டவருள் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயர் லியோனார்ட் வில்சன். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் பேராயர். அத்தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் சுவர்களுக்கு மெருகு தந்தது 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வில்சன் 1946இல் பிபிசி வானொலியில் அந்நாட்களைப் பற்றிப் பேசினார். அவர் சொன்னதில் எம்மைக் கவர்ந்தது அவருடைய வெற்றி அன்று, ஐயம். அடி விழுந்துகொண்டிருக்கையில் இவர்களை மன்னியும் என்று முணுமுணுத்தபோது, தாம் நடிக்கிறோமோ, உண்மையிலேயே அதைக் கருதுகிறோமா என்று தமக்கே தோன்றியதாக அவர் ஒப்புக்கொண்டார். சுற்றி நின்ற முகங்கள் கொடியவை. சிலர் வதைப்பதில் மகிழ்வதும் தெரிந்தது. பிறகு அவர்களை அவர் அப்போதிருந்த நிலையில் பார்க்காமல், முன்பு இருந்த நிலையில் பார்த்தாராம்: உடன்பிறந்தாரோடு விளையாடிய சிறு பிள்ளைகளாக. பின்பு, ஆகக்கூடிய நிலையிலும் பார்த்தாராம். இலக்கண மாணவர் இதனைக் கவனிக்க வேண்டும். நிகழ்காலத்தில் நேசிக்க இயலாதவரை அவர் இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் கண்டார். உணர்ச்சி வருமுன் சொல் வந்தது; சொல் நடிப்போ என்ற ஐயத்தோடே வந்தது. ஏவல் வினை அவ்வாறுதான் நிறைவேறுகிறது போலும்.

போருக்குப் பின், தம்மை வதைத்தவருள் ஒருவர் கிறித்தவராகி வந்தபோது, வில்சன் தம் கையாலேயே அவருக்குத் திடப்படுத்தல் சடங்கை நிறைவேற்றினார். அதே வழக்கில் 1946இல் கெம்பெய்த்தாயைச் சேர்ந்த 21 பேர் இந்நகர நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, 8 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டும் ஒரே நகரில் நடந்தன. பேராயரின் அன்பு நீதிமன்றத்தை மூடச் சொல்லவில்லை. நீதிமன்றத்தின் தீர்ப்பு பேராயரின் கையைத் தடுக்கவும் இல்லை.

வில்சனின் கதையை யாம் எம் தந்தையாருக்கு ஒருமுறை சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார். "அவர் பெரிய மனுசர்" என்று மட்டும் சொன்னார். பெரிய மனுசர் என்பதில் மரியாதையும் இருந்தது, நமக்கும் அவருக்கும் என்ன என்ற தொனியும் இருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு நண்பகல், எம் வீட்டெதிரே ஒரு கார் புகைவிட்டு நின்றது. ஓட்டி வந்தவர் ஜப்பானியர். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். விடுமுறைக்கு வந்திருந்த யாம் திண்ணையில் இருந்தோம். தந்தையார் அவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வயதைக் கணக்கிட்டார் என்று நினைக்கிறோம். பிறகு உள்ளே சென்று, ஒரு வாளியில் காருக்கும் ஒரு செம்பில் குடிக்கவும் தண்ணீர் கொண்டுவந்தார். வந்தவர் குடித்தார், குனிந்து வணங்கினார், அவர் மொழியில் நன்றி சொன்னார். தந்தையார் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. செம்பை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கார் போனபின் எம் பக்கம் திரும்பி, "தண்ணி குடுத்தேன். ஆனா எனக்கு அவன புடிக்கல" என்றார்.

அந்த இரு வாக்கியங்களையும் யாம் பல ஆண்டுகள் வகுப்பில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தியிருக்கிறோம், யார் சொன்னது என்று கூறாமல். முதலாவதில் 'நான்' தோன்றா எழுவாய், இரண்டாவதில் 'எனக்கு'.

எம் சிறிய தந்தையார் முகாமில் காலராவில் இறந்தார். கடைசி இரவில் அவர் தண்ணீர் கேட்டிருக்கிறார். தந்தையார் கொதிக்க வைத்த தண்ணீர் வேண்டிக் காவலரிடம் போனபோது, கையிலிருந்த தகரக் குவளையைக் காவலர் உதைத்துத் தள்ளியிருக்கிறார். இதனை யாம் தந்தையார் மறைந்த பிறகே அன்னையாரிடமிருந்து அறிந்தோம். செம்பைக் கவிழ்த்து வைத்த அன்று அறியோம். அறிந்திருந்தால், அன்று மாலை கேட்ட கேள்வியைக் கேட்டிருக்க மாட்டோம். படித்த இளைஞரின் துணிவில், "அப்போ மன்னிச்சிட்டீங்களாப்பா?" என்று கேட்டோம்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. சுருட்டை எடுத்தார், பற்றவைக்கவில்லை. "என் பங்க வேணா நான் யோசிக்கலாம்பா," என்றார். "தம்பி பங்க நான் எப்படிக் குடுக்க முடியும்?"

அவர் 1991இல் காலமானார். மலைப்பொழிவு வாசிக்கப்பட்ட ஞாயிறுகளில் கடைசிவரை மரத்தடிக்குத்தான் சென்றார்.